ரொறன்ரோவின் நத்தார் தாத்தா ஊர்வலமும் எங்கள் வீட்டு வழக்கமும்

ரொறன்ரோ நகர மையத்தில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் அல்லது நான்காம் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் நத்தார் தாத்தா ஊர்வலத்துக்கு, பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்த காலம் முதல் நாங்கள் குடும்பமாகப் போய் வருகிறோம். யாழ்ப்பாணத்து இளவாலையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வாழும் எனக்கு, இங்கே நத்தார்க் காலம் அந்த ஞாயிறுடன்தான் ஆரம்பிக்கிறது. எழுபதைக் கடந்த என் அம்மா, கணவர், இரண்டு பிள்ளைகள், சில ஆண்டுகளில் கணவரின் அக்கா குடும்பம் எனப் பல வயதினர் சேர்ந்து, பூச்சியத்தை ஒட்டிய குளிரில் இரண்டு மூன்று மணி நேரம் வெளியில் இருக்க வேண்டிய ஒரு நாள் அது. அந்த நாளை எப்படி ஒழுங்குசெய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: வருபவர்களில் மிக மூத்தவருக்கும் மிக இளையவருக்கும் எது இயலுமோ, அதைக் கொண்டே திட்டம் முழுவதும் அமைய வேண்டும். இடையில் உள்ளவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்.

ஊர்வலத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிச் செல்வது நல்லது. பார்க்கும்போது அவர்களுக்கு அதில் கூடுதலான ஈடுபாடு உண்டாகிறது. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி, யூனியன் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய நத்தார் தாத்தாவை, ஈட்டன்ஸ் என்ற பெரிய அங்காடியினர் யங் வீதியிலிருந்த தங்கள் கடைவரை அழைத்துச் சென்றார்கள். அதுதான் தொடக்கம். 1913இல் லாப்ரடோரிலிருந்து உயிருள்ள கலைமான்களையே கொண்டுவந்து சறுக்குவண்டியில் பூட்டினார்கள் என்ற செய்தியை என் மகள் கேட்டுச் சலிப்பதே இல்லை. ஒரு கடையின் விளம்பரமாகத் தொடங்கிய இந்த நிகழ்ச்சி ஊரின் சொத்தாக மாறிவிட்டது என்பது 1982இல் தெரிந்தது. தொடர்ந்து நடத்த இயலாது என்று அந்த நிறுவனம் அறிவித்தபோது, நகரத்தின் வணிகப் பிரமுகர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஊர்வலத்தைப் பொறுப்பேற்றார்கள். நன்கொடை கொடுத்துவிட்டுக் கோமாளி வேடமிட்டு முன்னால் நடந்துபோகும் பிரமுகர்களை இன்றும் காணலாம். ஊர்வலத்துக்குப் பணம் சேர்க்கும் வழிகளில் அதுவும் ஒன்று. ஈட்டன்ஸ் கடைகள் 1999இல் மூடப்பட்ட பின்னரும் ஊர்வலம் நிற்கவில்லை. பெருந்தொற்றின்போது, 2020இல், பார்வையாளர் எவரும் இன்றி வொண்டர்லாண்ட் பூங்காவில் படமாக்கித் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மறுஆண்டும் வீதியில் நடைபெறவில்லை. 2022இல் மீண்டும் வீதிக்கு வந்தபோது எங்களைச் சூழ நின்ற முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டதை நான் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் இந்த நாளை ஒரு வழக்கமாக ஏற்றுக்கொள்வதற்கு முன்னர் அம்மாவுடன் பேசித் தீர்க்க வேண்டிய விடயங்கள் இரண்டு இருந்தன. எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்விகள் எழும் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலாவது, ஊர்வலம் நடைபெறும் ஞாயிறு பெரும்பாலும் கிறிஸ்து அரசர் பெருவிழாவன்றோ அதற்கு அண்மையிலோ வருகிறது. நத்தாருக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலம் அந்தப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஆரம்பிக்கும். திருவருகைக் காலமே தொடங்காத வேளையில் நத்தார்ப் பாட்டுக் கேட்பது அம்மாவுக்கு ஒப்பவில்லை. அதைவிடவும், ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டு ஊர்வலம் பார்க்கப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குக் குடும்பமாகப் போய்விடுவது என்று முடிவெடுத்தோம். அப்படிச் செய்ததால், ஞாயிறு காலையில் எவரும் அவசரப்படாமல் புறப்படும் வசதியும் கிடைத்தது.

இரண்டாவது விடயம் இன்னும் பாரமானது. நவம்பர் 21 முதல் 27 வரையான வாரம் இலங்கையில் நடந்த போரில் இழந்தவர்களை எங்கள் சமூகம் நினைவுகூரும் வாரம். ஸ்காபரோவில் எத்தனையோ வீடுகளில் அந்த நாட்களில் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். ஊர்வலம் சில ஆண்டுகளில் அந்த வாரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. தம்பியை இழந்த அம்மாவிடம், அந்த வாரத்தில் கொண்டாட்டம் ஒன்றுக்கு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? நான் அவரை வற்புறுத்தவில்லை. அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். ஊர்வலம் பிள்ளைகளுக்கானது, அவர்களை அதற்குக் கூட்டிப்போகலாம். ஆனால் 27ஆம் திகதி கழியும்வரை வீட்டில் நத்தார் மரம் நிறுத்தவோ வெளியில் மின்விளக்கு மாட்டவோ கூடாது. ஊர்வலத்தால் திரும்பி வந்ததும் மாமாவின் படத்துக்கு முன்னால் பிள்ளைகள் மெழுகுதிரி ஏற்றிச் செபிக்க வேண்டும். இன்றுவரை அப்படியே செய்கிறோம். தாங்கள் ஒருபோதும் கண்டிராத ஒருவரைப் பற்றி என் பிள்ளைகள் அம்மம்மாவிடம் கேள்வி கேட்பது அந்த ஞாயிறு மாலையில்தான். துக்கத்தை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியை மட்டும் காட்ட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு, இரண்டையும் ஒரே நாளில் தாங்கும் வலு பிள்ளைகளுக்கு உண்டு என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும்.

இனி, எங்கே நிற்பது என்ற கேள்வி. ஊர்வலம் மேற்கே கிறிஸ்டி பிட்ஸ் பூங்காவுக்கு அருகில் புறப்பட்டு, புளோர் வீதி வழியே கிழக்கு நோக்கி வந்து, பிறகு தெற்கே திரும்பி, குயின்ஸ் பார்க்கில் உள்ள மாகாணச் சட்டமன்றத்தைக் கடந்து, யூனிவர்சிட்டி அவெனியூ வழியாக இறங்கி, கிழக்கே சென்ற் லோரன்ஸ் சந்தைப் பக்கமாகப் போய் முடியும். வழி மொத்தம் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். முதன்முறை போகிறவர்கள் நகரத்தின் நடுப்பகுதியையே நாடுவார்கள். உயர்ந்த கட்டடங்களும் அகன்ற வீதியும் படம் எடுப்பதற்கு அழகானவைதான். ஆனால் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்குப் புளோர் வீதியின் மேற்குப் பகுதியே, அதாவது கிறிஸ்டிக்கும் பாதர்ஸ்ட்டுக்கும் இடைப்பட்ட துண்டே, மிகச் சிறந்தது என்பது என் முடிவு. ஊர்வலம் அங்கிருந்து புறப்படுவதால், நகர மையத்தில் நிற்பவர்கள் தலையை நீட்டிப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே நாம் பாதி ஊர்வலத்தைப் பார்த்து முடித்திருப்போம். இசைக்குழுவினரும் வேடமிட்டவர்களும் அங்கே இன்னும் களைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக் கையசைப்பார்கள், அருகில் வந்து கை கொடுப்பார்கள்.

அந்தத் துண்டிலும் வீதியின் வடக்குப் பக்க நடைபாதையைத் தெரிவுசெய்யுங்கள். நவம்பர் இறுதியில் இங்கு நண்பகற் சூரியன் தெற்கே மிகத் தாழ்வாக நிற்கும். அப்பகுதியில் வீதியின் தெற்குப் பக்கக் கட்டடங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாடிகளுக்கு மேல் உயராதவை; ஆகையால் வெயில் அவற்றைத் தாண்டி வந்து வடக்கு நடைபாதையில் விழும். எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் நிழலில் நடுங்கும்போது நம் முகத்தில் வெயில் படும். வெப்பமானி காட்டும் அளவு இரு பக்கமும் ஒன்றுதான் என்றாலும், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அந்த வெயில் பெரிய உதவி. இந்தப் பகுதி கொரியர்களின் கடைத்தெருவாகவும் இருப்பதால், சுடச்சுட ஏதாவது வாங்கி உண்டு, அந்தக் கடையின் கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதியும் கிடைக்கிறது. கழிவறை எங்கே என்பதைப் போய்ச் சேர்ந்ததும் முதலாவதாக அறிந்துகொள்ளுங்கள். ஊர்வலம் தொடங்கிய பின்னர் வீதியைக் கடந்து மறுபக்கம் போவது எளிதல்ல. ஆகவே நாம் நிற்கும் பக்கத்திலேயே ஒரு கடையைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போக்குவரத்துக்கும் அந்த இடம்தான் பொருத்தமானது. காரில் போவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வீதிகள் மூடப்பட்டிருக்கும், தரிப்பிடம் கிடைத்தாலும் திரும்பி வெளியேறுவது பெரும்பாடு. ஸ்காபரோவிலிருந்து வருபவர்களுக்கு கென்னடி நிலையத்தில் ஏறினால் 2ஆம் தட சப்வே புளோர் வீதியின் ஓரமாகவே நிலத்துக்குக் கீழே ஓடி, ரயில் மாறாமல் பாதர்ஸ்ட்டிலோ கிறிஸ்டியிலோ இறக்கிவிடும். ஸ்காபரோவுக்குள்ளிருந்து கென்னடிவரை ஓடிய 3ஆம் தடத்தில் 2023 ஜூலையில் ரயில் தடம் புரண்ட பின்னர் அந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டதால், கென்னடிவரை பஸ்ஸில் போவதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சப்வே காலை 8 மணியளவில்தான் ஓடத் தொடங்கும். 12 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ கொண்டுபோகிறவர்கள் மின்தூக்கி உள்ள பாதர்ஸ்ட் நிலையத்தில் இறங்குவது நல்லது. புறப்படும் முன்னர் அந்த மின்தூக்கி வேலைசெய்கிறதா என்பதையும், பராமரிப்பு வேலைக்காகத் தடத்தின் ஏதாவது பகுதி மூடப்பட்டுள்ளதா என்பதையும் போக்குவரத்துச் சபையின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். ஊர்வலம் செல்லும் வழியும் தொடங்கும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. சென்ற ஆண்டின் நினைவை நம்பிப் புறப்படக் கூடாது.

ஊர்வலம் நண்பகலைத் தாண்டியே ஆரம்பிக்கும். முன்வரிசை வேண்டுமானால் அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பாவது போய்விட வேண்டும். காத்திருக்கும் நேரம்தான் பிள்ளைகளுக்குக் கடினமானது. ஊர்வலத்துக்கு முன்பாக அதே வீதியில் 5 கிலோமீற்றர் ஓட்டம் நடக்கும் ஆண்டுகளில், நத்தார் தாத்தா உடுப்புடனும் கலைமான் கொம்புகளுடனும் ஓடி வருகிறவர்களைக் கைதட்டி உற்சாகப்படுத்துவதிலேயே அந்த நேரம் கழிந்துவிடும்.

குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டியவை பல. நடக்கும்போது போதுமான உடுப்பு, நிற்கும்போது போதாது. உடலோடு ஒட்டிய உள்ளுடுப்பு பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு குளிரும். கம்பளியோ அதற்கென்றே தைத்த உள்ளுடுப்போ மேலானது. விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சிறு பிள்ளைகளின் கையைக் கூடுதலாகச் சூடாக வைத்திருக்கும். குளிர் முதலில் ஏறுவது பாதத்தின் வழியாகத்தான். கொங்கிறீற்றின்மேல் நேரே நிற்காமல், தடித்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து அதன்மேல் நிற்பது செலவே இல்லாத நல்ல வழி. அம்மா சேலைதான் உடுப்பார். அதற்குள்ளே தடித்த உள்ளுடுப்பும் கம்பளிக் காலுறையும் போட்டு, மடிக்கக்கூடிய நாற்காலியில் அமர்த்தி, துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்து, மேலே போர்வையால் மூடிவிடுவோம். பெரிய சுடுதண்ணீர்க் குடுவை ஒன்றில் மல்லிக்கோப்பி கொண்டுபோவது அவர் ஏற்படுத்திய வழக்கம். உணவைப் பொறுத்தவரை, கையுறையுடன் பிடித்து உண்ணக்கூடியவையே உதவும். ரோல்ஸும் மாலுபாணும் காலையில் சூடாக்கி அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டுபோனால் போதும். கைபேசியின் மின்கலம் குளிரில் விரைவாக இறங்கிவிடும் என்பதால் அதை உட்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிடக்கூடும் என்ற அச்சம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. எங்கள் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பிள்ளைகளின் குளிர்ச்சட்டையின் உட்புறத்தில் தைத்துவிடுவோம். இடத்துக்குப் போனதும், எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு கடையைக் காட்டி, தவறினால் அதன் வாசலில் போய் நிற்க வேண்டும், பொலிஸ் உத்தியோகத்தரிடமோ அடையாள உடுப்பு அணிந்த தொண்டரிடமோ மட்டும் பேச வேண்டும் என்று சொல்லி, சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வைப்போம். அத்துடன், மூத்தவர் ஒவ்வொருவரும் எந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் எவரும் பார்ப்பதில்லை.

ஊர்வலம் ஓரிடத்தைக் கடந்துபோக ஒன்றரை மணி நேரமளவில் எடுக்கும். அலங்கார ஊர்திகளும், பாடசாலைகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வரும் பித்தளை வாத்தியக் குழுக்களும், தலைகீழாக நடப்பதுபோல் வேடமிட்ட அந்தப் புகழ்பெற்ற கோமாளியும், எல்லாவற்றுக்கும் கடைசியில் சறுக்குவண்டியில் நத்தார் தாத்தாவும் வருவார்கள். முதன்முறை இதைப் பார்த்த அம்மா, "இது எங்கட ஊர் உழவு இயந்திரக் கரோல்தானே பிள்ளை" என்றார். பங்கு இளைஞர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் மின்பிறப்பாக்கியையும் ஒலிபெருக்கியையும் ஏற்றி, நத்தார் தாத்தாவை ஆட விட்டு, வீடு வீடாக வந்த அந்த இரவுகளை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியது அன்றுதான். சவுக்கங் கிளையை நட்டு நத்தார் மரம் வைத்ததும், வைக்கோல் பரப்பிப் பாலன் குடில் கட்டியதும், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வரும் வழியெல்லாம் வெடி கொளுத்தியதும் அதன் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. நானே கேட்டிராத பல செய்திகளை அந்த நடைபாதையில் வைத்துத்தான் அறிந்தேன்.

ஊர்வலத்தின் நடுவே தபால் ஊழியர்கள் நடந்து வந்து பிள்ளைகளிடமிருந்து நத்தார் தாத்தாவுக்கான கடிதங்களை வாங்கிச் செல்வார்கள். என் பிள்ளைகளுக்கு ஊர்வலத்தின் உச்சம் அதுவே. முகவரியில் வட துருவம் என்றும், எச்-0-எச், 0-எச்-0 என்ற அஞ்சற் குறியீடும் எழுதினால் போதும். முத்திரை ஒட்டத் தேவையில்லை. உலகின் எந்த மொழியில் எழுதினாலும் பதில் போட முயல்வதாகச் சொல்லும் இந்தச் சேவை, தபால் ஊழியர்கள் தாங்களாகவே விரும்பிச் செய்யத் தொடங்கிய ஒன்று. பதில் வர வேண்டுமானால் திருப்பி அனுப்பும் முகவரியைப் பெற்றோர் தங்கள் கையால் தெளிவாக எழுத வேண்டும். கடிதத்தில் கேட்பவற்றுக்கு நாங்கள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம்: தனக்கென்று ஒன்று கேட்கலாம், வேறொருவருக்காக ஒன்று கேட்க வேண்டும், நடந்த ஒரு நன்மைக்கு நன்றி சொல்ல வேண்டும். மகள் ஓர் ஆண்டு அம்மம்மாவின் முழங்கால் நோவு மாற வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னர் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மற்றப் பெற்றோரும் அப்படிச் செய்யலாம்.

நத்தார் தாத்தாவின் வண்டி கடந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் சப்வே வாசலுக்கு விரைவார்கள். அந்த நெரிசலில் முதியவருடன் படியிறங்குவது ஆபத்தானது. நாங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் அரை மணி நேரம் இருந்து ஏதாவது சூடாக அருந்திவிட்டுத்தான் புறப்படுவோம். நவம்பர் இறுதியில் மாலை 4.45 அளவில் சூரியன் மறைந்துவிடும். அதற்குள் கென்னடி வந்துசேர்ந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து, மெழுகுதிரி ஏற்றிச் செபித்து, உண்டபின், நத்தார் கேக்குக்கான பழங்களை வெட்டத் தொடங்குவோம். எங்கள் ஊர் கேக் மாவால் ஆவதல்ல. ரவையும் முந்திரிப் பருப்பும் முட்டை மஞ்சட்கருவும் சேர்ந்து, சீனிப்பாகில் இட்ட பூசணித் தோசி, இஞ்சித் தோசி, முந்திரிகை வற்றல், தோடம்பழத் தோல் என்று பலவும் கலந்து, தேனும் பன்னீர் வாசனையும் பிராந்தியும் ஊற்றி ஊறவிட்டுச் செய்வது. நான்கு வாரம் ஊறினால் நத்தாருக்கு முந்திய வாரம் சுடுவதற்குச் சரியாக இருக்கும். வெட்டுவதற்கு எல்லாக் கைகளும் வேண்டும் என்பதால், கணவரின் அக்கா குடும்பமும் இதற்கென்றே தங்கிப்போகும். அவர்கள் சைவர்கள். திருப்பலிக்கு வராத அவர்களின் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும் பொதுவான நத்தார் என்று ஒன்று இருக்குமானால், அது இந்த ஞாயிறும் இந்த மேசையும்தான். மச்சாள் வீட்டுத் தைப்பொங்கலுக்கு நாங்கள் போவதைப் போலவே அவர்கள் இதற்கு வருகிறார்கள். அதே மேசையில் யாழ்ப்பாணம், பாரிஸ், லண்டன் உறவினருக்கான நத்தார் மடல்களையும் எழுதிவிடுவோம். நவம்பர் முடிவதற்குள் தபாலில் சேர்த்தால்தான் ஊர் மடல்கள் காலத்தோடு போய்ச் சேரும்.

பிள்ளைகள் வளர வளர இந்த ஒழுங்கை மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றவும் வேண்டும். பதின்ம வயதுக்கு வந்த மகனுக்கு ஊர்வலத்தில் முன்பிருந்த ஆர்வம் குறைந்தது. வரத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைவிட ஒரு பொறுப்பைக் கொடுப்பது பயன் தரும் என்று நினைத்து, வழியையும் ரயிலையும் பார்த்துத் திட்டமிடும் வேலையை அவனிடம் ஒப்படைத்தோம். இப்போது யார் எந்தப் பையைத் தூக்குவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதையெல்லாம் அவன்தான் சொல்கிறான். மச்சாளின் கடைக்குட்டியைத் தோளில் தூக்கிக் காட்டுவதும் அவன்தான்.

அம்மாவின் முழங்கால் இப்போது சப்வேப் பயணத்துக்கும் நீண்ட நேர இருப்புக்கும் இடம் கொடுப்பதில்லை. மார்க்கம் மெயின் வீதியில் நவம்பர் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை நடைபெறும் ஊர்வலம் சிறியது. வீதி ஓரம்வரை காரில் கொண்டுபோய் இறக்கிவிடலாம், களைத்தால் உடனே திரும்பலாம். இந்த ஆண்டு அம்மாவை அதற்குக் கூட்டிப்போய், அங்கிருந்து நேரே மாலைத் திருப்பலிக்குப் போவதாக இருக்கிறோம். நகர மைய ஊர்வலத்துக்குப் பிள்ளைகளும் மச்சாள் குடும்பமும் போவார்கள். அம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே பூசணித் தோசியை வெட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.